பன்னிரண்டு மாம்பழமும் ஒரு மச்சமும்

1

சீனி, உன் மாதப் பத்திரிகைக்குக் கடல் தாண்டிய புதுமைகள் பற்றி ஒரு கட்டுரை வேண்டும், யந்திரம், வியாபாரம், சமூகம் மூன்றும் அதில் வரவேண்டும் என்று கேட்டிருந்தாய். பி.ஏ. முடித்துக் கொழும்புக்குக் கப்பலேறியவன் உலகத்தையே மேற்பார்வை பார்க்கிறான் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நினைப்பு. நான் பார்ப்பது ஒரு தேயிலைக் கம்பெனியின் மூன்றாம் மாடி ஜன்னல் வழியாக. அதில் தெரிவது எதிர்க் கம்பெனியின் மூன்றாம் மாடி ஜன்னல்.

இருந்தாலும் உட்கார்ந்தேன். பேனாவோடு இல்லை. தோட்டங்களுக்குத் தமிழில் சுற்றறிக்கை அனுப்ப எங்கள் ஆபீஸ் ஒரு தமிழ் டைப்ரைட்டர் வாங்கியிருக்கிறது. "சாமுவேல், பழகிக்கொள்" என்று துரை சொல்லிவிட்டார். உன் கட்டுரையை வைத்துத்தான் பழகுகிறேன். இதில் ஒரே சங்கடம், அடித்தது அடித்ததுதான். தப்புக்கு மேலே குறுக்குக் கோடு அடிக்கலாம், அடியில் இருப்பது பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

முதல் பக்கம் ஜோராக ஓடியது. லிஃப்ட் என்ற இரும்புக் கூண்டுக்குள் ஆறு பேர் நின்றுகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மேலே போகும் நாகரிகத்தைப் பற்றி எழுதினேன். என் பக்கத்து மேசையில் டைப் அடிக்கும் பறங்கிப் பெண்ணைப் பற்றி எழுதினேன். அவள் என்னைவிட வேகமாக அடிக்கிறாள், நடுவில் சாக்லேட்டும் தின்கிறாள். அதோடு நிறுத்திவிட்டு, மிச்சத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் உன் மாம்பழக் கூடை இருந்தது. இங்கே துணிக்கடை வைத்திருக்கும் நம்மூர் பாய் ஊருக்குப் போய்விட்டு வரும்போது நீ கொடுத்தனுப்பியது. வத்திராயிருப்புப் பழம், நசுங்காமல் இருக்க ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றியிருந்தாய். நல்ல காரியம். ஆனால் அந்தக் காகிதம் எது என்று பார்த்தாயா, மடப்பயலே?

ரூத் முதல் பழத்தைப் பிரித்தாள். சுற்றியிருந்த காகிதத்தை முழங்கால்மேல் வைத்து நீவினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, மாம்பழத்துல உங்க பேரு போட்டிருக்கு."

பிடுங்கி மடக்கிச் சட்டைப்பைக்குள் திணித்தேன். அதற்குள் அவள் இரண்டாவது பழத்தைப் பிரித்துவிட்டாள். பன்னிரண்டு பழம், சீனி. பன்னிரண்டு நோட்டீஸ். எனக்கு இருப்பது ஒரு சட்டைப்பை.

நோட்டீஸில் என்ன இருந்தது என்பது அதை அச்சடித்த உனக்குத் தெரியும். உன் வாசகர்களுக்காக ஒரு வருஷம் பின்னால் போகிறேன். ரூத் கொழும்புக்கு வந்து இந்த வாரத்தோடு சரியாக ஒரு வருஷம்.

2

கல்யாணமான பத்தாம் நாள் நான் கப்பலேறினேன். அதற்கு முன்னால், எல்லாரையும்போல, ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் வெங்கட்ராஜா அண்ணன் ஸ்டூடியோவில் ஒரு போட்டோ. கூரையில் கண்ணாடி பதித்த ஸ்டூடியோ. மேகம் வந்தால் தொழில் நிற்கும். மில் சங்கு ஊதும் நேரத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பவனுக்குப் படம் விழும், திடுக்கிட்டவனுக்கு இரண்டு தலை விழும். அங்கே ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். இடது கை கொஞ்சம் நீளம். நம் பக்கத்திலிருந்து சீமை, சிங்கப்பூர், ரங்கூன், கொழும்பு போன அத்தனை பேரும் அந்த ஒரே கோட்டில்தான் போயிருக்கிறோம்.

உலகச் சண்டை முடிந்து ரூத்தை அழைக்கலாம் என்றால், சண்டை முடிந்ததே தவிர சீட்டு முடியவில்லை. போட்டோ ஒட்டிய அனுமதிச் சீட்டு வேண்டும், அதில் அங்க அடையாளம் எழுத வேண்டும். பதினாலு மாதம் எழுதினேன். கடைசியில் கிடைத்தது. ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் இக்கரையில் கால் வைத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு புதிதாக வருகிறவர்களுக்குக் கதவு சாத்தப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

அங்க அடையாளம் என்ற இடத்தில் ரூத் தன் கையாலேயே எழுதினாள், இடது கன்னத்தில் மிளகளவு மச்சம் என்று. நான் அவளைப் பெண் பார்க்கப் போனபோது முதலில் கண்ணில் பட்டதும் அதுதான்.

அப்போது நான் ஒரு கடிதம் எழுதினேன். ரூத்துக்கு அல்ல, வெங்கட்ராஜா அண்ணனுக்கு. ரூத் படம் எடுக்க வருவாள், ஆறு பிரதி போடுங்கள், இரண்டு சீட்டுக்கு, நாலு எனக்கு. எனக்கு வரும் படத்தை ஆபீஸில் எல்லாரும் பார்ப்பார்கள், ஆகவே கன்னத்து மச்சத்தைக் கொஞ்சம் கவனிக்கவும், கழுத்து வெறுமையாகத் தெரிந்தால் பார்த்துச் செய்யவும். இதுதான் நான் எழுதியது. அடித்தாயிற்று, இனி அழிக்க முடியாது.

நாலு பிரதி வந்தது. மச்சம் போயே போய்விட்டது. கழுத்தில் மூன்று வரிசை அட்டியல், மூக்கில் மூக்குத்தி. இதெல்லாம் போதாதென்று அண்ணன் தன் கைச்சரக்காக நெற்றியில் ஒரு பொட்டும் வைத்திருந்தார். எங்கள் இரண்டு வீட்டாரும் மூன்று தலைமுறையாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேதக்கோயில் மணி அடித்ததும் முதல் பெஞ்சில் போய் உட்காருகிறவர்கள். ஒரு நெற்றியிலும் பொட்டு கிடையாது. அண்ணனிடம் வருகிற கல்யாணப் பெண்கள் எல்லாருக்கும் பொட்டு வைத்துப் பழகிய பிரஷ், இங்கேயும் வைத்துவிட்டது. நாலு பிரதியிலும் பொட்டு நாலு இடத்தில் இருந்தது.

நான் சிரித்தேன். ஆபீஸில் காட்டினேன். சாக்லேட் பெண் "வெரி பிரெட்டி" என்றாள். மச்சத்தை எடுக்கும் பென்சில் வேலை காகிதத்தில் நடப்பதில்லை, கண்ணாடித் தகட்டில் நடக்கிறது, தகடு ஒன்று என்றால் ஆறு பிரதியிலும் அதே முகம்தான் விழும் என்பது எனக்குத் தோன்றவில்லை. யந்திரப் புதுமை பற்றிக் கட்டுரை எழுதுகிறவன் அல்லவா.

3

ரூத்தை எதிர்கொள்ளத் தலைமன்னார் போனேன். அவள் கையில் இருந்தது நம்பர் எழுதிய ஒரு துண்டு மட்டும். படம் ஒட்டிய சீட்டு தபாலில் நேராகக் கவுண்டருக்கு வந்திருந்தது. அவள் அந்தப் படத்தை அதுவரை பார்த்ததே இல்லை.

கவுண்டருக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு யாழ்ப்பாணத்து அதிகாரி. சீட்டை எடுத்தார். ரூத்தைப் பார்த்தார். சீட்டைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரூத் எண்டது ஆர்?"

"நான்தான் சார்."

"நீர் இல்லைப் பிள்ளை. இது வேற ஆள்."

நான் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து பாய்ந்தேன். "சார், நான் இவளுடைய புருஷன்."

"எவளின்ரை?" என்றார்.

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. சுட்டுவிரலால் படத்தில் ஒவ்வொரு இடமாகத் தொட்டார்.

"வேதக்காரர் எண்டு எழுதியிருக்கு, பொட்டு வைச்சிருக்கிறா. மூக்குத்தி போட்டிருக்கிறா, அட்டியல் போட்டிருக்கிறா. கன்னத்திலை மச்சம் எண்டு எழுதியிருக்கு, மச்சம் இல்லை. இந்தப் பிள்ளைக்கு மச்சம் இருக்கு, மற்றது ஒண்டும் இல்லை. மற்றப் பிரதியிலை பொட்டு கொஞ்சம் இடப்பக்கம் போயிட்டுது. இது என்ன காணும், நடமாடும் பொட்டோ?"

எனக்கு இங்கிலீஷ் பொங்கிக்கொண்டு வந்தது. புகைப்படக் கலையின் நவீன முன்னேற்றம், நெகட்டிவ், பென்சில் என்று ஐந்து நிமிஷம் பிரசங்கம் செய்தேன். முழுவதும் கேட்டார்.

"நல்லது. அப்ப படம் திருத்தினதெண்டு நீரே ஒத்துக்கொள்ளுறீர். சீட்டிலை இருக்கிற படத்தைத் திருத்தினால் அது குற்றம். திருத்தச் சொன்னது ஆர்?"

ரூத் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரும் சொல்லவில்லை சார். ஸ்டூடியோக்காரர் தானாகச் செய்துவிட்டார்" என்றேன்.

"அப்ப இந்தப் பிள்ளை இந்தக் கப்பலிலேயே திரும்பிப் போகட்டும். சரியான படத்தோடை வரட்டும்."

மாதம் முடிய நாலு நாள் இருந்தது. போய்விட்டால் அவ்வளவுதான். பதினாலு மாதத்துக் கடிதங்களும் ஒரு பொட்டில் முடிந்துவிடும். கப்பல் புகை விட்டுக்கொண்டு நின்றது. எனக்கு இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

ரூத் டிரங்குப் பெட்டியைக் கீழே வைத்தாள். "சார், அந்தப் படத்த நான் ஒரு தடவ பாத்துக்கிடலாமா?"

கொடுத்தார். செத்த நேரம் பார்த்தாள்.

"இந்த மகராசி யாருன்னு எனக்குத் தெரியல சார். ஆனா சேலை என்னோடது."

"சேலையோ?"

"முந்தியில தோள் பக்கம் பாருங்க. இஸ்திரிப் பெட்டியில இருந்து கங்கு விழுந்து ஓட்டையாப் போச்சு. அரக்கு நூல் கிடைக்கல, வெள்ள நூலப் போட்டு நட்சத்திரம் மாதிரி இழுத்துத் தச்சேன். வெங்கட்ராஜா அண்ணன் மூஞ்சியத்தான் பாத்தாரு, சேலையப் பாக்கல."

அவள் உடுத்தியிருந்ததும் அதே சேலைதான். போட்டோவுக்கும் பிரயாணத்துக்கும் இருந்தது ஒரே நல்ல சேலை. அதிகாரி பூதக்கண்ணாடியை எடுத்தார். படத்தில் தையலை எண்ணினார், சேலையில் எண்ணினார், மறுபடியும் படத்தில் எண்ணினார்.

"பதினொண்டு" என்றார்.

"பதினொண்ணுதான் சார். பன்னிரண்டாவதுக்கு நூல் பத்தல."

சிவப்பு மையில் எழுதினார்: மச்சம், உண்டு. பொட்டு, இல்லை. சேலை, பொருந்துகிறது. முத்திரையை ஓங்கிக் குத்தினார். பிறகு என்னைப் பார்த்து, "பி.ஏ.யோ?" என்றார். ஆம் என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

4

ரயிலில் அனுராதபுரம் தாண்டும்வரை ரூத் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணன் நெசமாவே தானாத்தான் செஞ்சாரா?"

"தானாத்தான்" என்றேன். "அவர் குணம் உனக்குத் தெரியாதா? சும்மா இருக்கிற முகத்தைக் கண்டால் கை அரிக்கும்."

"ஒங்களுக்குத் தெரியாதுல்ல?"

"எனக்கென்ன தெரியும்?"

அதோடு விட்டுவிட்டாள். கொட்டாஞ்சேனையில் எங்கள் அறைக்கு வந்ததும் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். "மகராசி இங்கேயும் வந்துட்டாளா?" என்றாள். அன்றிலிருந்து அந்தப் படத்துக்கு அதுதான் பெயர். மகராசிக்குத் தூசி தட்டியாச்சு என்பாள். உப்பு கூடிப்போயிற்று என்று நான் முகம் சுளித்தால், மகராசியக் கொழம்பு வைக்கச் சொல்லுங்க என்பாள். அந்தப் படத்தை இறக்க எனக்குத் தைரியமில்லை. இறக்கினால் ஏன் என்று கேட்பாளே.

எங்கள் வீட்டுக்காரர் தூத்துக்குடிப் பக்கம். அவர் பிள்ளைகள் மூன்று. தாய் தமிழில் திட்டினால் சிங்களத்தில் பதில் சொல்லும். கீர்த்தனைப் பாட்டு தெரியாது, டிராம் கண்டக்டர் போடும் சண்டை வரி தவறாமல் தெரியும். "எங்க மொழி எங்களோட சரி, பிள்ளைக காலத்துல போயிடும்" என்று அந்த அம்மாள் மூக்கைச் சிந்துவார். ரூத் அந்தப் பிள்ளைகளோடு ஆறு மாதம் பல்லாங்குழி ஆடினாள். இப்போது மீன்காரனோடு, தபால்காரனோடு, விகாரைக்குப் போகும் எதிர்வீட்டு உபாசகம்மாவோடு சிங்களத்தில் பேசுகிறாள். நான் இங்கே வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எனக்குத் தெரிந்த சிங்களம், டிராமை நிறுத்தச் சொல்வது ஒன்றுதான். அதற்கும் டிராம் சில நாள் நிற்பதில்லை.

5

இனி மாம்பழத்துக்கு வருவோம்.

ரூத் நோட்டீஸை உரக்கப் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை வேதவாக்கியம் படிக்கும் அதே குரல்.

"'மச்சம், தழும்பு, அம்மை வடு முதலியன வலியின்றி நீக்கப்படும். நகையில்லாதார்க்கு நகையும் மீசையில்லாதார்க்கு மீசையும் ஒருங்கே அளிக்கப்படும். எமது கைத்திறனுக்குக் கொழும்புப் பட்டதாரி திரு. சாமுவேல், பி.ஏ. அவர்கள் உவந்தளித்த நற்சாட்சி கீழ்வருமாறு.'"

அதற்குக் கீழே என் கடிதம். ஒரு எழுத்து விடாமல். கன்னத்து மச்சத்தைக் கொஞ்சம் கவனிக்கவும்.

வியாபாரத்தில் புதுப்போக்கு எது என்று கேட்டாயே, சீனி, இதுதான். சோப்புக்கும் லேகியத்துக்கும் நற்சாட்சி போடுகிற காலத்தில் அண்ணன் என் பெண்டாட்டி முகத்துக்கு நற்சாட்சி வாங்கிவிட்டார். அடியில் உன் அச்சகத்தின் பெயர், கொட்டை எழுத்தில். அச்சுக் கோக்கும்போது உனக்கு என் பெயர் கண்ணில் படவில்லையா, அல்லது பட்டுத்தான் பன்னிரண்டு எடுத்துப் பழத்துக்குச் சுற்றினாயா?

"பொட்டும் மூக்குத்தியும் அண்ணன் வேலை. அத விடுங்க" என்றாள் ரூத். "மச்சம்?"

"ஆபீஸ்ல காட்டணும்னு..."

"மச்சத்தோட காட்டுனா ஆபீஸ்ல சேத்துக்கிட மாட்டாகளோ?"

"அப்படி இல்ல ரூத். எனக்கு உன் மச்சம் புடிக்கும்."

"புடிச்சதத்தான் எடுக்கச் சொன்னீயளாக்கும்."

அவள் கத்தியை எடுத்து மாம்பழத்தை அறுத்தாள். "அன்னிக்கு அந்த ஆபீசர் யாரு சொன்னான்னு கேட்டாருல்ல, நான் உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். சேலையில ஓட்டை இல்லாம இருந்தா நான் கப்பல்ல திரும்பிப் போயிருப்பேன். நீங்க இங்க மகராசியோட இருந்திருப்பீய. பொய் சொன்னது கூடப் பெருசில்ல. நான் திரும்பிப் போனாலும் பரவாயில்லன்னு வாயத் தொறக்காம நின்னீயளே, அதான்."

சதை முழுவதையும் வீட்டுக்காரப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோனாள். என் தட்டில் கொட்டை இருந்தது.

அதற்கப்புறம் தினமும் ஒரு பழம் அறுத்தாள். தினமும் எனக்குக் கொட்டை. இதற்கு நடுவில் இன்னொரு நெருக்கடி. ரூத் சீட்டுக்கு ஒரு வருஷம் முடிகிறது, என் சீட்டுக்கும் அதே வாரம்தான் தவணை, அந்த வாரத்துக்குள் புதுப் போட்டோ ஒட்டிப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். ரூத் போட்டோவுக்கு உட்கார மாட்டேன் என்றுவிட்டாள்.

"எனக்கென்ன? மகராசியக் கூட்டிட்டுப் போங்க. அவளுக்குத்தான் மூஞ்சி நல்லா விழும்."

மூன்று நாள் கெஞ்சினேன். நான் கெஞ்சுவதைப் பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்த்தன. நாலாம் நாள் காலையில் அவளாகவே சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். அதே அரக்குச் சேலை.

"நீங்களும் உக்காரணும். உங்க சீட்டுல இருக்கது அண்ணன் கோட்டுதான், நீங்க இல்ல. நீங்க உக்காந்தா நானும் உக்காருதேன்."

6

புறக்கோட்டையில் ஒரு சிங்கள ஸ்டூடியோ. இங்கே சூரியனை நம்புவதில்லை, மின்சார விளக்கு. ரூத் நாற்காலியில் உட்கார்ந்து இடது கன்னத்தை விளக்குக்கு நேராகத் திருப்பினாள். ஸ்டூடியோக்காரர் வலது பக்கம் திருப்பினார். அவள் திரும்பவும் இடது பக்கம் திருப்பினாள். கன்னத்தைத் தொட்டுக் காட்டிச் சிங்களத்தில் நாலு வார்த்தை சொன்னாள். அவர் தலையாட்டினார்.

பிறகு நான். சொந்தச் சட்டை, கோட்டு இல்லை. நான் உட்கார்ந்ததும் ரூத் அவரிடம் மறுபடி பேசினாள். இந்தத் தடவை நாலு வார்த்தை இல்லை, நீளமாக. அவர் என் வாயைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், மூக்குக்குக் கீழே பார்த்தார். குறிப்பு எடுத்துக்கொண்டார்.

"என்ன சொன்ன?"

"வெளிச்சம் சரியா இருக்கான்னு கேட்டேன்."

படங்கள் நேராகக் கவுண்டருக்குப் போயின. இரண்டு நாள் கழித்து எங்களைக் கூப்பிட்டார்கள். கொழும்புக் கவுண்டருக்குப் பின்னாலும் ஒரு யாழ்ப்பாணத்து மூக்குக்கண்ணாடி. ரூத்தின் படத்தைப் பார்த்தார், ரூத்தைப் பார்த்தார், முத்திரை குத்தினார். மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. மச்சம் மிளகு மாதிரி இருந்த இடத்தில் இருந்தது.

அடுத்தது என் படம். அவர் கை நின்றது.

"இது ஆர் காணும்?"

எட்டிப் பார்த்தேன். அடர்த்தியான மீசையும் முத்துக் கோத்தாற்போல் பல்வரிசையும் உள்ள ஒருவன் அதில் சிரித்துக்கொண்டிருந்தான். ஏறு நெற்றி இறங்கி, அதன்மேல் சுருள் முடி. சீனி, என் முன்பல் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சந்து உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அதன் வழியாகத் தண்ணீர் பீச்சி உன் நோட்டை நனைத்திருக்கிறேன்.

"நான்தான் சார்" என்று சொல்லிச் சிரித்துக் காட்டினேன். சிரித்தது தப்பு. சந்து வெளியே வந்துவிட்டது.

அவர் ரூத் பக்கம் திரும்பினார். "பிள்ளை, இந்தப் படத்திலை இருக்கிறவர் உம்மட மனுசனோ?"

ரூத் படத்தை வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்தாள். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பப் படத்தைப் பார்த்தாள். அவள் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தத் தடவை கப்பலேறுவது நான்.

"செத்த இருங்க சார், பாத்துச் சொல்லுதேன்."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். அவள் அவசரப்படவில்லை.

"ஆளு யாருன்னு சரியாச் சொல்ல முடியல" என்றாள் கடைசியில். "சட்டை இவியளுதுதான். மூணாவது பித்தானப் பாருங்க, கறுப்பு நூல்ல தச்சிருக்கும். நான்தான் தச்சேன்."

அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். என் மார்புக்கு நேரே குனிந்தார். பிறகு கேட்டார், "படத்தைத் திருத்தச் சொன்னது ஆர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரூத் சொன்னாள். "நான்தான் சார் சொன்னேன். வேற யாரும் இல்ல."

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன புரிந்ததோ, சிவப்பு மையில் எழுதினார்: மீசை, குறைவு. பல்லில் சந்து, உண்டு. பித்தான், பொருந்துகிறது.

மீதிப் பிரதியை ரூத் சட்டம் போட்டாள். இப்போது மகராசிக்குப் பக்கத்தில் ஒரு மகராசன் தொங்குகிறான். வீட்டுக்காரப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டு, ஜோடி நல்ல பொருத்தம் என்று சொல்லிப் போயின. சிங்களத்தில்தான். ரூத் எனக்கு மொழிபெயர்த்தாள்.

அன்று சாயங்காலம் கூடையில் கடைசிப் பழம் இருந்தது. சுற்றியிருந்த நோட்டீஸைப் பிரித்துக் கீழே விரித்து, அதன்மேல் வைத்து அறுத்தாள். சாறு ஒழுகி நற்சாட்சி நனைந்தது. அவள் கொட்டையைத் தான் எடுத்துக்கொண்டாள்.